கொடுத்த பிள்ளையை வாங்கி வந்த கதை

“எம் பொண்ண எங்கிட்டக் குடுத்துடுங்க, அத்தை.”

உல்ஜான் இதை அடுப்படியில் நின்றபடி சொன்னாள். சொல்லவே கூடாது என்று ஆறு வருஷமாக ஆளாளுக்குச் சொல்லிவைத்திருந்த வார்த்தை. பிள்ளையைக் கொடுத்த அன்று அவளைப் பெற்றவள் காதோடு சொன்னாள், வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதே, கேட்டால் அந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்று. மாஸ்கோவில் ஏதோ கிட்டங்கியில் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கும் புருஷன் மிர்லான், போனை வைக்கும்முன் ஒவ்வொரு தடவையும் சொல்வான், அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று. ஜெபக்கூட்டத்து ஜூராக்கா, கேட்காதே என்று சொல்லவில்லை. ஜெபம் பண்ணு என்றாள். இரண்டும் ஒன்றுதான்.

மாமியார் துர்சுன் மேசையில் மாவை விரித்து நூடுல்ஸுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உருட்டுக்கட்டை நிற்கவில்லை. பக்கத்து அறையில் நுராயிம் போனில் கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உல்ஜானின் வாடகை வீட்டில் இருந்ததே அந்த ஓர் அறைதான். மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்காக மூன்று பேரும் கோச்கோர் கிராமத்திலிருந்து கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்குக்கு வந்திருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில், இவர்கள் இங்கே.

கோச்கோர் பக்கம் மூத்த பிள்ளையைப் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் எடுத்து வளர்ப்பதை யாரும் பறிப்பது என்று சொல்வதில்லை. மரியாதை என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அவர்கள்தான் அப்பா அம்மா. பெற்றவன் அண்ணன். பெற்றவள் அண்ணி. பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயதில் யாராவது சொல்லித் தெரிந்துகொள்ளும், அல்லது பள்ளிக்கூடத்தில் எவனாவது சண்டையில் சொல்லிவிடுவான். அதுவரை பெற்றவள் பிள்ளையைத் தூக்கும்போதுகூட பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். ரொம்ப முத்தம் கொடுத்தால் அடக்கமில்லாதவள்.

நுராயிம் பிறந்தபோது உல்ஜானுக்குக் கல்லூரியில் இரண்டாம் வருஷம், வேதியியல். அவள் குடும்பத்தில் ஆடு மேய்க்காமல் படிக்கப் போன முதல் ஆள் அவள். “நீ படி, குழந்தைய நாங்க பாத்துக்கறோம்” என்று மாமியார் சொன்னதும், இப்படி ஒரு வீடு யாருக்குக் கிடைக்கும் என்று ஊரே வாய் பிளந்தது. நாற்பதாம் நாள் குளிப்பாட்டி, பிறந்த முடி கத்தரித்து, அன்று சாயங்காலமே வண்டியில் கொண்டுபோய்விட்டார்கள். மறுவாரம் அவள் பரீட்சை எழுதினாள். சட்டை முன்பக்கம் பாலில் நனைந்துகொண்டே இருந்தது. மேலே கோட்டுப் போட்டு மறைத்துக்கொண்டு எழுதினாள். மார்க் குறையவில்லை. கடைசியில் சிவப்பு அட்டை போட்ட டிப்ளமா கொடுத்தார்கள், முதல் தரத்தில் தேறியவர்களுக்குக் கொடுப்பது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ரசீதைப் பார்ப்பதுபோல்தான் இருக்கும்.

துர்சுன் மாவை மடித்து, கத்தியை எடுத்து, மெல்லிசாக நறுக்க ஆரம்பித்தாள். கத்துவாள், அழுவாள், புருஷனுக்குச் சொல்லிவிடுவேன் என்பாள் என்றுதான் உல்ஜான் எதிர்பார்த்தாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். பிறப்புச் சான்றிதழில் யார் பேர் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்பதுவரை மனப்பாடம் பண்ணியிருந்தாள்.

“எடுத்துக்கோ” என்றாள் துர்சுன்.

உல்ஜானுக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம்.

“நான் தடுக்கல பொண்ணே. ஆனா நீதான் சொல்லணும் அவகிட்ட. நான் சொல்ல மாட்டேன், ஒன் மாமாவும் சொல்ல மாட்டார். அவ மூஞ்சியப் பாத்து, இவ ஒன் அம்மா இல்ல, நாந்தான்னு நீயே சொல்லு. சொன்னதுக்கப்புறம் அவ ஒங்கிட்ட வந்தான்னா, துணிமணிய நானே மடிச்சுத் தர்றேன்.” நறுக்கியதை உதறிப் பரப்பினாள். “சனிக்கிழமை அவர வீட்டுக்கு விடறாங்க. அன்னிக்கே கெளம்பறோம். திங்கக்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம். அதுக்குள்ள பாத்துக்கோ.”

அது புதன்கிழமை.

வியாழக்கிழமை முழுக்க உல்ஜான் சொல்லப் பார்த்தாள். பால் கம்பெனி லேபில் லீவு கேட்டு வாங்கியிருந்தாள். தலை வாரிப் பின்னும்போது சொல்லலாம் என்று நினைத்தாள், பின்னல் முடிந்தது, சொல்லவில்லை. பூங்காவில் ராட்டினம் சுற்றவிட்டாள், இறங்கியதும் சொல்லலாம் என்றிருந்தாள், இறங்கியதும் பிள்ளைக்கு வாந்தி. பெஞ்சில் உட்காரவைத்து வாயைத் துடைத்துவிட்டு, “நான் ஒனக்கு யாரு?” என்று கேட்டாள்.

“அண்ணி.”

“வேற?”

நுராயிம் கொஞ்சம் யோசித்தாள். விடுகதை என்று நினைத்துக்கொண்டாள் போல. “மிர்லான் அண்ணனோட பொண்டாட்டி” என்று சொல்லிவிட்டு, கெட்ட வார்த்தை சொன்னதுபோல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்று மிர்லானிடம் போனில் சொன்னாள்.  அம்மா ஏதோ கோபத்தில் சொன்னால் நீ பிடித்துக்கொள்வாயா என்றான். நீ வேலைக்குப் போனால் பள்ளிக்கூடத்திலிருந்து யார் அழைத்து வருவது என்றான். அடுத்த வருஷம் நான் வந்ததும் பார்ப்போம் என்றான். இதையே போன வருஷமும் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம், கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டலாம். அவன் அந்த வீட்டில் இரண்டாவதாகப் பிறந்தவன், கொடுக்கப்படாத பிள்ளை. கொடுப்பது என்றால் என்ன என்று அவனுக்கு ஒருவரும் காட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை உல்ஜானுக்கு ஒரு யோசனை வந்தது. நுராயிமுக்குப் பேச்சு ஏறாது, கதை ஏறும். யாராவது கதை படித்தால் வாயில் இருப்பதை மெல்லக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். சொல்ல வேண்டியதை ஒரு கதை சொல்லட்டும். அதைப் படித்துக் காட்டி முடித்து, அந்த அம்மாவைப்போலத்தான் நானும் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரியையாவது தன்னால் சொல்ல முடியும் என்று நினைத்தாள். பாவாடை வாங்கப் போவதாக மாமியாரிடம் பொய் சொல்லவில்லை. புத்தகம் வாங்கப் போகிறோம் என்றே சொன்னாள். துர்சுன், “குதிரப் படம் போட்டதா வாங்கு, அவளுக்குக் குதிரன்னா உசுரு” என்றாள்.

ஜெபக்கூட்டம் நடக்கிற வீடு ஊர்க்கோடியில், ஆப்பிள் மரங்கள் இருக்கிற சந்தில். பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே போனால் கண்ணாடி அடைத்த தாழ்வாரம், அதில் ஒரு அலமாரி. அந்த அலமாரிதான் அவர்களுடைய புத்தகக் கடை, நூலகம் எல்லாம். ஜூராக்கா பொறுப்பு. முன்னால் ரொட்டித் தொழிற்சாலையில் இருந்தவள், பெருத்த உடம்பு, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். கிர்கிஸ்காரியாகப் பிறந்து ரஷ்யக்காரன் சாமியைக் கும்பிடுகிறாள் என்று அவளுடைய சொந்த அண்ணனே அவள் வீட்டில் டீ குடிக்க மாட்டான். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள். சர்க்கரை மிச்சம் என்பாள்.

“பிள்ளைக்குப் பைபிள் கதைப் புத்தகம் வேணும்” என்றாள் உல்ஜான். “படம் போட்டது. கோச்கோருக்குப் போனாலும் போகும்.”

ஜூரா நுராயிமைப் பார்த்தாள், உல்ஜானைப் பார்த்தாள். யார் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கையில் காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை எடுத்துக் கொடுத்து, ஜன்னல் ஓரம் பெஞ்சில் உட்காரவைத்தாள். பிறகு வியாபாரம் பேச ஆரம்பித்தாள். முஸ்லிம் வீட்டுக்குப் போகிற புத்தகம் என்றால் அட்டையில் சிலுவை இருக்கக் கூடாது. நபிமார் முகத்தை வரைந்திருந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

“ஒன் மாமனாருக்கு எந்தக் கண்ணுல ஆபரேஷன்?”

“வலது.”

“அப்ப ஒரு கண்ணாலதான் பாப்பாரு. பாதிப் பாவம்தான்.”

முதலில் எடுத்துப்போட்டது வெளிநாட்டில் அச்சடித்த கெட்டி அட்டைப் புத்தகம். எல்லோருக்கும் மஞ்சள் முடி, நீலக் கண். நோவாவின் கப்பலில் ஏறுகிற மிருகங்கள் மட்டும் இரண்டு பக்கத்துக்கு வழிந்தன. நடுவில் ஒரு இடத்தில் தாள் தடியாக இருந்தது. உல்ஜான் விரலால் நெம்பிப் பார்த்தாள். ஊதாரிப் பிள்ளை பன்றி மேய்க்கிற பக்கம் அது, கொழுகொழுவென்று ரோஸ் நிறத்தில் பன்றி வரைந்திருக்கிறான், அதனால் வந்த பிரதி எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்தைத் தானே பசை தடவி ஒட்டிவிட்டதாக ஜூரா சொன்னாள். கேட்டால் அச்சுப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம்.

“கதைல அவன் வீட்ட விட்டுப் போறான், உடனே திரும்பி வந்துடறான். நடுவுல எங்க போனான்னு ஒரு பிள்ளையும் இதுவரைக்கும் கேக்கல.”

உல்ஜான் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தான் எதற்காக வந்தாளோ அதைக் கேட்டாள்.

“அக்கா, குடுத்த பிள்ளையத் திரும்ப வாங்கின அம்மா கதை எதுல இருக்கு?”

ஜூரா அலமாரிப் பக்கம் திரும்பினாள். சொல்லப்போகிற பதில் என்ன என்று உல்ஜானுக்குத் தெரியும், வந்தது. அன்னாள். இரண்டாவது புத்தகத்தைத் திறந்து காட்டினாள். பிள்ளை வரம் கேட்டு அழுது, பெற்று, பால் மறந்ததும் கோவிலில் கொண்டுபோய்விட்ட அன்னாள். வருஷா வருஷம் ஒரு சின்ன அங்கி தைத்து எடுத்துக்கொண்டு சாமுவேலைப் பார்க்கப் போவாள். படத்தில் அங்கியைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. பல் தெரிகிறது.

இந்தப் படம் உல்ஜானுக்கு ஏற்கெனவே தெரியும். ஜெபக்கூட்டத்தில் சேர்ந்த புதிதில், கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் அவளுக்கு அன்னாளைத்தான் ஆறுதலாகச் சொன்னார்கள். இந்த ஆறு வருஷத்தில் நுராயிமுக்கு அவள் வாங்கிப்போன உடுப்புகளில் ஒன்றுகூட அளவு சரியாக இருந்ததில்லை. போன தடவை பார்த்த பிள்ளைக்கு வாங்குவாள், இந்தத் தடவை வேறு பிள்ளை நிற்கும். அந்த அன்னாள் மட்டும் எப்படி ஒவ்வொரு வருஷமும் அளவு தப்பாமல் தைத்தாள் என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

“இவ குடுத்தவ” என்றாள். “திரும்ப வாங்கினவ யாரு?”

மோசேயின் அம்மா, ராஜகுமாரிக்குக் கூலித் தாதியாக இருந்து தன் பிள்ளைக்கே பால் கொடுத்தாளே என்றாள் ஜூரா. பால் மறந்ததும் ராஜகுமாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அதற்குப் பிறகு அவள் பேச்சே இல்லை என்றாள் உல்ஜான். ஊதாரிப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பினானே என்றாள் ஜூரா. அவனாகப் போனான், அவனாக வந்தான், அங்கே இருப்பது அப்பா, அம்மா இருந்தாளா செத்தாளா என்றுகூட எழுதவில்லை என்றாள் உல்ஜான். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பெஞ்சிலிருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தது.

ஜூரா விரலால் தாடையைத் தட்டிக்கொண்டு யோசித்தாள். முகம் பிரகாசமானது. “இருக்கு. நாயீன் ஊர் விதவை. பாடையத் தூக்கிட்டுப் போறப்ப ஆண்டவர் தொட்டு எழுப்பினாரே, அந்தப் பையன். ‘அவன அவன் அம்மாகிட்டக் குடுத்தார்’னே போட்டிருக்கு. அதே வார்த்தை.”

“அதுக்குப் பிள்ள சாகணுமே அக்கா.”

ஜூரா அன்னாள் படத்தை மூடிவைத்தாள்.

உல்ஜானுக்கு அப்போது யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. படம் வரைந்தவன்மேல், எழுதியவர்கள்மேல், நல்லவளாக எதிரே உட்கார்ந்திருக்கிற இந்தக் கிழவிமேல். படித்த பெண் நீ, கோபப்படலாமா என்பார்கள். படித்ததுதான் இதற்கெல்லாம் காரணம். பரீட்சைக்கு நடுவே கிடைத்த பிள்ளை, படிப்புக்கு நடுவே போன பிள்ளை. இத்தனை பெரிய வேதத்தில், கொடுத்தவளெல்லாம் புண்ணியவதி. திருப்பிக் கேட்டவள் ஒருத்தியுமில்லை. ஒருத்தியாவது கேட்டிருப்பாள், எழுதாமல் விட்டிருப்பார்கள்.

அலமாரியின் அடித்தட்டில் இன்னொரு புத்தகம் கிடந்தது. கூட்டத்தைச் சேர்ந்த ஓவியர் ஒருவரே வரைந்தது, கொஞ்சம் பிரதிதான் போட்டார்கள். பாவம், அவர் கடலைப் பார்த்ததில்லை. அதனால் நோவாவின் வெள்ளம் இஸிக்-குல் ஏரிமாதிரி இருக்கும், சுற்றிலும் பனிமலை நிற்கும். அப்படியே ஏறிப் போயிருந்தால் கப்பலே வேண்டியிருக்காது என்று கூட்டத்துப் பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள். ஆபிரகாம் தலையில் கிர்கிஸ்காரர்களின் கம்பளித் தொப்பி. மேய்ப்பர் குதிரைமேல் உட்கார்ந்து ஆட்டைத் தோளில் போட்டிருக்கிறார். விரித்துக்கொண்டே போன உல்ஜானின் கை ஒரு பக்கத்தில் நின்றது. வெள்ளைக் கூடாரத்தில் கம்பளம் விரித்து சாலமோன் ராஜா அந்தக் காலத்துக் கான் மன்னனைப்போல உட்கார்ந்திருக்கிறான். முன்னால் இரண்டு பெண்கள், இரண்டு பேர் தலையிலும் கல்யாணமானவர்கள் சுற்றுகிற வெள்ளைத் துணி. நடுவில் ஒரு தொட்டில். ஒரு சேவகன் கத்தியை உருவிக்கொண்டு நிற்கிறான்.

ஒரு பிள்ளை, இரண்டு பேர். எனது என்கிறாள் ஒருத்தி, எனது என்கிறாள் மற்றவள். கடைசியில் பெற்றவளிடம் பிள்ளையைக் கொடு என்கிறான் ராஜா. பெற்றவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

“இது இருக்கே அக்கா” என்றாள்.

“அது...” என்று இழுத்தாள் ஜூரா. “படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணு. கதைக்கு ஒன் மாமனாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, சாலமோன்தான் அவருக்குச் சுலைமான் நபி, மூஞ்சி வரைஞ்சதுக்கு வேணா மொணங்குவாரு. அதுக்குச் சொல்லல.” வேறு எதற்குச் சொல்கிறாள் என்று சொல்லாமல், கெட்டிலை வைக்க உள்ளே போய்விட்டாள்.

உல்ஜான் பெஞ்சில் பிள்ளையோடு ஒட்டி உட்கார்ந்தாள். நுராயிம் படத்தைப் பார்த்ததும் முதலில் கூடாரத்துக்கு வெளியே கட்டியிருந்த குதிரையைத் தொட்டாள். பிறகு கதை கேட்டாள். தயிர் உருண்டை ஒரு கன்னத்தில் உப்பிக்கொண்டு நின்றது, சப்புவது நின்றுபோனது. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் கைக்குழந்தை. ஒருத்தியின் குழந்தை தூக்கத்தில் செத்துவிட, அவள் மற்றவள் குழந்தையை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்கிறாள். உல்ஜான் படித்துக்கொண்டே போனாள், கத்தி வந்தது, பாதிப் பாதியாக வெட்டு என்று ராஜா சொன்னான், ஒருத்தி சரி வெட்டு என்றாள், இன்னொருத்தி ஐயோ வேண்டாம், அவளுக்கே கொடுத்துவிடுங்கள், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்றாள்.

அந்த இடத்தில் உல்ஜானின் நாக்கு தடுக்கியது.

எடுத்துக்கோ, நான் தடுக்கல. மாவு நறுக்கிக்கொண்டே சொன்னவள் யார்? எனக்குக் கொடு என்று நின்றவள் யார்? இந்தப் படத்தில் தான் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. காது சூடேறியது. ராஜாவாம், தீர்ப்பாம். கத்தியைக் காட்டினால் எவள்தான் விட மாட்டாள்? ஆறு வருஷம் முன்னால் மார்பில் பால் கட்டியிருக்க இவளும்தான் விட்டாள். அப்போது எந்த ராஜாவும் கூடாரம் போட்டு உட்கார்ந்து, இவள்தான் தாய் என்று சொல்லவில்லை. ஒருத்தி எத்தனை தடவை விட்டுக்கொடுத்துக் காட்டினால் போதும் என்று இந்தப் புத்தகத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா?

“அப்புறம்?” என்றாள் நுராயிம்.

“நீயே சொல்லு. யாரு அம்மா?”

நுராயிம் படத்தின்மேல் குனிந்தாள். தொட்டிலைப் பார்த்தாள், இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அந்த இன்னொருத்தி பாப்பா செத்தேபோச்சா?”

“ஆமா.”

“அப்ப அவகிட்ட ஒண்ணுமே இல்லையா?”

“இல்ல.”

“ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்காங்க?” என்றாள் பிள்ளை. கதையில் ஓட்டை கண்டுபிடித்துவிட்ட குரல். “அப்புறம் எதுக்கு ராஜாகிட்டப் போனாங்க? ஒருத்தி அம்மா, ஒருத்தி அண்ணி.”

உல்ஜான் கையில் புத்தகம் இருந்தது. அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“அம்மா யாரு, அண்ணி யாருன்னு எப்பிடித் தெரியும்?”

இதுகூடத் தெரியாதா என்பதுபோல நுராயிம் அவளைப் பார்த்தாள். உருண்டையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஊருக்குப் போயிட்டுப் போயிட்டு வர்றவ அண்ணி. போகாதவ அம்மா.”

சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிக் குதிரை தேட ஆரம்பித்தாள்.

உள்ளே கெட்டில் கொதித்து அணைந்தது. உல்ஜான் அசையவில்லை. ஒருவரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, ஏமாற்றவும் இல்லை. துர்சுன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள், அது அவளுக்கு நிச்சயம். இப்போது சொன்னால் பிள்ளை தலையை ஆட்டும், பிறகு சாயங்காலம் அம்மா எங்கே என்று கேட்கும், பிறகு அழும். அந்த அழுகைக்கு என்ன செய்வது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. சான்றிதழில் அவள் பேர் இருக்கிறது. சான்றிதழைக் காட்டிப் பிள்ளையைத் தூங்கவைக்க முடியாது. வேறு வழி ஏதாவது இருந்தால் யாராவது வந்து சொல்லட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆளாளுக்கு ஆறு வருஷமாக எதைச் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னார்கள். என்ன செய்யலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

போகாதவ அம்மா.

கோச்கோர் வீடு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தலையில் துணி கட்டி, அடுப்பு மூட்டி, பெரியவர்களுக்கு முதுகு காட்டாமல், குரல் ஏறாமல், டீ ஊற்றி ஊற்றிக் கை காய்க்கும். லேப் போகும். பீக்கரும் வெள்ளைக் கோட்டும் போகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போகும், அங்கே கூட ஜெபிக்க ஓர் ஆள் கிடையாது, வாய்க்குள் ஜெபித்துக்கொள்ள வேண்டியதுதான். மிர்லான் கத்துவான். அவளைப் பெற்றவள் சந்தோஷப்படுவாள், அது இன்னும் எரிச்சல். நல்ல மருமகள், வந்துவிட்டாள் பார் என்பார்கள். இதைத் தியாகம் என்று எவளாவது சொன்னால் அறைந்துவிடுவாள். அவளுக்கு அந்த வீடு வேண்டாம். அந்த வீட்டிலிருந்து காலையில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள் வேண்டும். அவள் எழுந்திருக்கும்போது இருக்க வேண்டும், தூங்கும்போது இருக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் இருக்க வேண்டும். ஒரு வருஷமோ பத்து வருஷமோ. பேர் என்னவாவது இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேருமே போகாமலிருந்தால் பிள்ளை யாரை என்னவென்று கூப்பிடும், அதையும் பார்த்துவிடலாம்.

ஜூரா டீயோடு வந்தாள். அவளுடைய கண் முதலில் பிள்ளை முகத்துக்குப் போயிற்று, அழுகை இல்லை என்று பார்த்துக்கொண்டது. பிறகு உல்ஜானிடம் வந்தது.

“சொல்லிட்டியா?”

“இல்ல.”

“எந்தப் புத்தகம் வேணும்னு முடிவு பண்ணியாச்சா?”

உல்ஜான் நுராயிமைக் கேட்டாள். நுராயிம் யோசிக்கவே இல்லை. வெளிநாட்டுக் கெட்டி அட்டைதான், கப்பலும் மிருகமும் போட்டது. இதில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் இரண்டு குதிரை இருக்கிறது, ஒன்று புள்ளி போட்டது. மஞ்சள் முடிக்காரர்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கையசைக்கிறார்கள், ஒருவருக்கும் அம்மா தேவைப்படவில்லை. சரி என்றாள் உல்ஜான். ராஜாவை மூடி, இருந்த அடித்தட்டிலேயே திரும்ப வைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தாள்.

ஜூரா பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோலப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தாள். மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே, “அன்னாளப் பத்தி நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காத” என்றாள். “எனக்குப் பிள்ளை இல்ல. இல்லாதவளுக்கு எல்லாக் கதையும் நல்லாத்தான் இருக்கும்.”

உல்ஜான் புத்தகத்தை வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்தாள். டீயை நின்றபடியே குடித்தாள், நாக்கைச் சுட்டது. வாசலில் குனிந்து நுராயிமின் செருப்பு வாரை மாட்டினாள். பிள்ளை தன் கையால் மாட்டிக்கொள்ளப் பார்த்தது, விடவில்லை.

“ஞாயித்துக்கிழமை வருவல்ல? பாட்டுக்கு ஆள் கொறையுது” என்றாள் ஜூரா.

“ஞாயித்துக்கிழமை கோச்கோர்ல இருப்பேன் அக்கா.”

“கொண்டுபோய் விட்டுட்டு வர்றியா? நல்லது. எப்ப திரும்பற?”

நுராயிம் அதற்குள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்தில் ஓட ஆரம்பித்திருந்தாள். மெயின் ரோட்டில் வேன்கள் நிறுத்தாமல் போகும். உல்ஜான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், “நில்லு” என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு அவள் பின்னால் வேகமாக நடந்தாள். ஜூராவின் கேள்வி கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.